வெடிக்காத தோட்டாவும் நேசன் அண்ணையும்

மதுரா அழைத்தபோது நான் அலுவலகத்தில் ஒரு கூட்டத்தின் நடுவில் இருந்தேன். கைபேசியில் அவள் பெயரைப் பார்த்ததுமே எழுந்து வெளியே வந்துவிட்டேன். வேலை நேரத்தில் அவள் யாரையும் அழைக்கமாட்டாள்.

"அக்கா, அப்பா எங்களை விட்டிட்டுப் போட்டார்" என்றாள்.

"வர்றேன் மதுரா. அங்கேயே இரு" என்றேன்.

காரை எடுத்தவள் மருத்துவமனைக்குப் போகாமல் அவள் அப்பா நேசன் அண்ணையின் லேத்துப் பட்டறை இருக்கும் தெருவுக்குள் திரும்பிவிட்டேன். பழக்கம்தான் காரணம். நேசன் அண்ணை என்றால் என் கை அந்தப் பக்கம்தான் வண்டியைத் திருப்பும். பட்டறைக் கதவு பூட்டியிருந்தது. அதன் முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தபோது எனக்குக் கோபம் கோபமாக வந்தது. முதல் நாள் மாலைகூட, மருத்துவமனையில் படுத்தபடி, "நாளைக்கு வரேக்க ஒரு அலன் கீ கொண்டு வாங்கோ கலா, இந்தக் கட்டிலின்ர சில்லு ஒண்டு ஆடுது, ஒருத்தரும் கவனிக்கினமில்லை" என்று சொன்ன மனிதர் அவர். கட்டில் சக்கரத்தை முடுக்க அவர் கேட்ட அந்தத் திருகுச் சாவி என் கைப்பையில் இருந்தது. ஒருவரிடம் வேலை சொல்லிவிட்டு இப்படியா புறப்பட்டுப் போவார்கள்?

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு அச்சிடும் நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்னவர் அவருடைய மனைவி ரஞ்சி அக்கா. "மற்ற ஆக்கள் எல்லாரும் அன்பானவர் பண்பானவர் எண்டு எழுதுவினம். அது எல்லாருக்கும் எழுதுறதுதானே. நீங்கள் அவர் எப்பிடிப்பட்ட ஆள் எண்டு எழுதுங்கோ" என்றார். நான் நாகர்கோவில்காரி. ஸ்டுட்கார்ட்டில் வாகன உதிரிபாகங்கள் ஏன் பழுதாகின்றன என்று கணக்குப் பார்ப்பது என் வேலை. இந்த மலரைப் படிக்கப்போகும் உங்களில் பலர் யாழ்ப்பாணத்திலிருந்தே அவரை அறிந்தவர்கள். உங்களுக்கு நான் அவரைப் பற்றிப் புதிதாகச் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான். கடைசிச் சில வருடங்கள் அவர் ஒரு சின்னத் தோட்டாவோடு மல்லுக்கட்டினார். அதை உங்களில் சிலர் கேலி செய்தீர்கள், சிலர் கவலைப்பட்டீர்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்தவள். அதனால் இதை எழுதுகிறேன்.

அவருக்கு உட்காரத் தெரியாது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை தாலி கட்டும்போது நேசன் அண்ணை ஒலிபெருக்கிக் கம்பத்தின் திருகை இறுக்கிக்கொண்டிருப்பார். அவர் வீட்டுச் சோபாவில் அவருக்கென்று ஓர் இடமே கிடையாது. சாப்பாட்டைக்கூடப் பாதி நின்றுகொண்டுதான் சாப்பிடுவார். ரஞ்சி அக்கா திட்டிப் பார்த்து அலுத்துப்போய், சோற்றுத் தட்டை அலமாரியின் மேலேயே வைக்கத் தொடங்கிவிட்டார்.

நான் முதன்முதலில் அவரைப் பார்த்தது எங்கள் துப்பாக்கி சுடும் சங்கத்தில். அலுவலகத்துத் தோழி ஒருத்தி இழுத்துப் போய்ச் சேர்த்துவிட்ட சங்கம் அது. மதுரா அங்கே எனக்கு முந்தியவள். பள்ளியில் கூடப் படித்த ஜெர்மன் பெண்ணோடு காற்றுத் துப்பாக்கியில் ஆரம்பித்து, சின்னத் தோட்டா போடும் ரைபிளுக்கு வந்திருந்தாள். சங்கத்தில் அவளைவிட நிதானமான கை கிடையாது. அப்பா மட்டும் அந்த வாசல்படி ஏறியதில்லை. "எங்கட வீட்டில துவக்குக் கதை வேண்டாம்" என்று சொல்லிவிட்டாராம். துப்பாக்கி அவர் பேச்சில் துவக்கு. சேருவதற்கான கையெழுத்தை அம்மாதான் போட்டிருந்தார். அன்று மாவட்டப் போட்டி. ரஞ்சி அக்காவுக்கு வேலை. கார் ஓட்டி வந்த அப்பா வாகன நிறுத்தத்திலேயே இருந்துகொள்வதாகச் சொல்லியிருக்கிறார். மழை பிடித்துக்கொண்டது. காருக்குள் அடங்கி உட்கார முடியாதவர், வேறு வழியில்லாமல் உள்ளே வந்து, சுவரோடு ஒட்டி, ஈரக் குடையோடு நின்றார்.

அவர் வந்து நின்ற சற்று நேரத்தில் மதுராவின் துப்பாக்கி வெடிக்கவில்லை. கிளிக் என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. இப்படி நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதில் எங்கள் சங்கம் கண்டிப்பானது. குழலை இலக்கிலிருந்து இம்மியும் திருப்பக் கூடாது. திறந்து பார்க்கக் கூடாது. தோட்டா தாமதமாக வெடிக்கலாம் என்பதால் அப்படியே காத்திருக்க வேண்டும். பிறகுதான் கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட வேண்டும். மதுரா எல்லாவற்றையும் பிசகில்லாமல் செய்தாள். நடுவர் வந்து தோட்டாவை எடுத்து, வேறொன்று போட அனுமதித்தார். விதிப்படி அவளுக்கு நட்டமில்லை. ஆனால் அந்தச் சத்தம் மனதுக்குள் புகுந்துவிட்டது. அடுத்த குண்டு எங்கேயோ போனது, அதற்கடுத்ததும் போனது. மாநில அணியில் இடம் போயிற்று. வெளியே வந்து என் தோளில் சாய்ந்து அழுதாள்.

அப்பா அவளைத் தேற்ற வரவில்லை. அவர் நடுவரிடம் போயிருந்தார். பட்டறையில் முப்பது வருடம் பேசிப் பழகிய அசல் சுவாபிய வட்டார ஜெர்மனில், அந்த வெடிக்காத தோட்டாவைக் கொஞ்சம் பார்க்கலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடி வேறு வெளியே வந்துவிட்டது. நடுவர் தன் உள்ளங்கையில் வைத்துக் காட்டினாரே தவிரக் கையில் கொடுக்கவில்லை. உரிமம் இல்லாதவர் தோட்டாவைத் தொடக் கூடாது. தோட்டா பூட்டிய பெட்டிக்குள் போய்விட்டது.

அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். யாரோ தமிழ் முகம் என்பதைத் தவிர என்னைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. "தங்கச்சி, உதை ஒருக்காக் கையில எடுத்துப் பாக்கிறதெண்டால் என்ன அன்ட்ராக் போடவேணும்?" என்று, விண்ணப்பத்துக்கான ஜெர்மன் சொல்லைப் போட்டுக் கேட்டார்.

நான் விளையாட்டுக்கு ஒரு பட்டியலே சொன்னேன். சங்கத்தில் சேர வேண்டும், வருடக்கணக்கில் ஒழுங்காக வந்து பயிற்சி எடுக்க வேண்டும், பரீட்சை எழுத வேண்டும், வீட்டில் இரும்புப் பெட்டி வைக்க வேண்டும், அதிகாரிகள் உங்கள் ஜாதகத்தையே புரட்டிப் பார்ப்பார்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை. அந்த வாரமே சங்கத்தில் சேர்ந்தார். ஒரு வெடிக்காத தோட்டாவைத் தொட்டுப் பார்ப்பதற்காகத் துப்பாக்கி சுடப் பழகிய மனிதர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்கும். சுடுவதில் அவருக்கு அக்கறையே இல்லை. சுட்டதும் இலக்கைப் பார்க்காமல், கீழே விழுந்த பித்தளைக் கூட்டைக் குனிந்து பொறுக்குவார்.

இந்தச் சின்னத் தோட்டாவின் சங்கதி எளிமையானது. மெல்லிய பித்தளைக் கூடு. அதன் அடி விளிம்பு மடிந்திருக்கும். அந்த மடிப்புக்குள் சுற்றிவரத் தீப்பற்றும் மருந்து பரவியிருக்கும். துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பில் அடித்தால் பற்றிக்கொள்ளும். எங்கோ ஓரிடத்தில் மருந்து சரியாகப் பரவவில்லை, ஊசியும் அதே இடத்தில் அடித்தது என்றால் கிளிக்தான். பெரிய தோட்டாக்களில் அந்த மருந்து நடுவில் தனியாக ஒரு குட்டிக் கிண்ணத்தில் இருப்பதால் தவறுவது அபூர்வம். நேசன் அண்ணைக்கு இது விளங்கியதும் பட்டறையில் வேறு வேலை ஓடவில்லை. சின்னத் தோட்டாவின் அளவில், நெருப்பை நடுவில் வைத்து, ஒரு தோட்டாவைத் தானே செய்துவிடுவது என்று இறங்கினார்.

"அண்ணை, அந்த மாதிரி ஏற்கெனவே இருக்கு" என்றேன்.

"இருக்கட்டும். என்னட்டை இல்லைத்தானே" என்றார்.

நானும் சும்மா இருக்கவில்லை. ஃபெயிலியர் ரேட் என்பது என் சோறு. "இதெல்லாம் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் அண்ணை. நல்ல லாட்டா பார்த்து வாங்கினா கிளிக் வர்ற சான்ஸ் ரொம்பக் கம்மி. அதுக்கு மேல யாராலும் ஒண்ணும் பண்ண முடியாது" என்று வரைபடம் எல்லாம் போட்டுக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "உங்கட கணக்கு, தோட்டாப் பெட்டிக்குச் சரி கலா. பெட்டிக்கு அழத் தெரியாது." வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பதில் தேடினேன், எரிச்சல்தான் வந்தது.

வெடிமருந்து கையாளுவதற்கான தனிப் பரீட்சையையும் எழுதினார். கூடுகளைத் தானே லேத்தில் கடைந்தார். துப்பாக்கி செய்பவர் ஒருவரிடம் அதற்கேற்ற குழல் செய்வித்து, சோதனை அலுவலகத்தில் முத்திரை வாங்கினார். அதிகாரிகள் நேரம் குறித்துக் கூப்பிட்ட இத்தனை டெர்மினுக்கும் அவர் அலுக்காமல் போய்வந்ததை நான் வியந்து பார்த்திருக்கிறேன். கோயிலில் ஒருவர், "உமக்கு ஏன் காணும் இந்த வயசில துவக்கு?" என்று கேட்டபோது, "உமக்கு ஏன் இந்த வயசில சீட்டாட்டம்?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு நடையைக் கட்டினாராம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தத் தோட்டாவால் மதுராவுக்கு எந்தப் பயனும் இல்லை. அவளுடைய போட்டியில் விளிம்புத் தோட்டா மட்டும்தான் செல்லும். அவள் அதை அவரிடம் எத்தனையோ தரம் சொன்னாள். "ஓம், தெரியும்" என்பார், மறுபடியும் லேத்தைப் போடுவார். அவளுக்கு வேண்டியிருந்தது வேறு. மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் கயிற்றுக்குப் பின்னால் காப்பிக் கோப்பையோடு நின்று பார்ப்பார்கள். அவளுடைய அப்பா அந்த மழை நாளுக்குப் பிறகு ஒரு போட்டியைக்கூட உள்ளே வந்து பார்க்கவில்லை. காரில் கொண்டுவந்து விடுவார். அவள் சுட்டு முடிக்கும்வரை, கோயில் வீதி சுற்றுவது போலச் சங்கக் கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பார். தான் பயிற்சிக்கு வரும் நாளிலும் அவள் வந்து குப்புறப் படுத்துச் சுடும் நேரம் பார்த்து எழுந்து போய்விடுவார். "என்னில கோவமா அப்பா?" என்று ஒருநாள் கேட்டிருக்கிறாள். "விசர்க் கதை கதைக்காதை" என்றாராம்.

காரணத்தை எனக்குச் சொன்னது நெடுஞ்சாலையில். ஊன்ட்றொப் என்ற ஊரின் அம்மன் கோயில் தேருக்கு ஒரே காரில் போய்க்கொண்டிருந்தோம். ரஞ்சி அக்காவும் மதுராவும் பின்னால் தூங்கிவிட்டார்கள். வழியில் நெரிசலில் வண்டிகள் அப்படியே நின்றுவிட்டன. மற்றவர்கள் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாட்டுக் கேட்டார்கள். இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. இறங்கி, கதவோரம் முன்னும் பின்னும் நடக்கத் தொடங்கினார். வெயில் வேறு. அண்ணை உள்ளே வாங்க, போலீஸ் வந்தால் திட்டுவார்கள் என்று சொல்வதற்காக நானும் இறங்கினேன்.

"ஒருக்கா ஊரில எங்கட சந்தியில ஒருத்தன் என்ர நெஞ்சுக்கு நேர துவக்கைப் பிடிச்சு விசையை இழுத்தவன்" என்றார் எதிரில் நின்ற லாரியைப் பார்த்தபடி. "வெடிக்கேல்லை. கிளிக் எண்டது. அவன் துவக்கைத் தட்டித் தட்டிப் பாக்க, நான் ஓடிட்டன். அண்டைக்கு ஓடத் தொடங்கினதுதான்."

அவன் யாருடைய ஆள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

"எனக்கு வெடிக்காத தோட்டாதான் நல்ல தோட்டா, கலா. அதை வடிவாச் செய்திருந்தால் நான் இஞ்ச நிண்டு உங்களோட கதைச்சுக்கொண்டிருக்கமாட்டன். இப்ப என்ர பிள்ளை அதே சத்தத்துக்கு அழுறாள். நான் என்னெண்டு சொல்லி ஆறுதல் படுத்திறது? அவளுக்குப் பின்னால நிக்கேக்க என்ர கால் ஓடப் பாக்குது. அப்பிடியொரு சத்தமே வராத தோட்டா ஒண்டு இருந்தால் நானும் நிப்பன்."

முன்னால் வண்டிகள் நகரத் தொடங்கிவிட்டன. பின்னாலிருந்தவர் ஹார்ன் அடித்தார். ஏறிக்கொண்டோம். அதன்பிறகு வழி முழுவதும் அவர் தேர்க் கூட்டத்தில் எங்கே வண்டி விடுவது என்பதைப் பற்றி மட்டும் பேசினார். அன்றிலிருந்து அவருடைய தோட்டாவைப் பற்றி நான் ஒரு கேலிகூடச் செய்ததில்லை.

கேலி செய்ய வேண்டிய நேரத்திலும் செய்யாமல் இருந்தேன் என்பதுதான் சோகம். ஏனென்றால் அடுத்து வந்தது விஜயதசமி. அவருடைய தோட்டா ஓரளவு தயாராகி, முதல் தொகுதி நன்றாகவே வெடித்திருந்தது. ரஞ்சி அக்கா கொலுப்படியில் வீணையும் புத்தகமும் வைத்ததோடு, அவருடைய வேர்னியர் அளவுகோல், லேத்து உளி எல்லாவற்றையும் வைத்தார். அண்ணையும் தன் பங்குக்கு இரும்புப் பெட்டியைத் திறந்து புதுத் தொகுதித் தோட்டாக்களை ஒரு தட்டில் அடுக்கி வைத்துவிட்டுப் பக்கத்திலேயே காவல் நின்றார். பூசை முடியும்வரை அந்த இடத்தைவிட்டு அவர் நகரவில்லை. அதை நாங்கள் எல்லோரும் அதிசயமாகப் பார்த்தோம். ரஞ்சி அக்கா பன்னீரில் குழைத்த சந்தனத்தை எடுத்து, ஒவ்வொரு தோட்டாவின் அடியிலும் நடுமத்தியில், அழகாக ஒரு பொட்டு வைத்தார். பொட்டு வைக்க வேறு இடம் ஏது?

அடுத்த வாரம் பயிற்சியில் கிளிக். மறுபடியும் கிளிக். பாதிக்குப் பாதி வெடிக்கவில்லை. அண்ணையின் முகம் கறுத்துவிட்டது. அந்தத் தொகுதியை ஒதுக்கிவிட்டுப் புதிதாகச் செய்தார். அதுவும் கிளிக். கூட்டின் சுவரை மாற்றினார், கிண்ணம் வாங்கும் கடையை மாற்றினார், குழலை ஓயாமல் துடைத்தார். நான் ஈரப்பதம், வெப்பம் என்று அட்டவணை போட்டு, கடைசியில் அக்டோபர் மாதத்தில் ஏதோ நடந்திருக்கிறது என்பதுவரை கண்டுபிடித்தேன். ஸ்டுட்கார்ட்டின் குளிர்தான் காரணம் என்று அறிக்கை வேறு எழுதிக் கொடுத்தேன். அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் சரியாகத் தூங்கவில்லை. நெஞ்சு வலியை வாயு என்று சொல்லிக்கொண்டிருந்ததும் அப்போதுதான்.

மார்ச் மாதத்தில் மதுரா எதற்கோ அந்தத் துப்பாக்கியின் பின்பகுதியைக் கழற்றினாள். அவளுக்கு எதையும் முழுதாகக் கழற்றித் துடைத்தால்தான் திருப்தி. ஊசியை வெளியே இழுத்தவள் அதை மூக்கருகே கொண்டுபோய் நின்றாள்.

"அப்பா, சந்தனம் மணக்குது" என்றாள்.

ஊசி போய்வரும் துவாரத்தைச் சுற்றிச் சந்தனம் காய்ந்து இறுகிப்போயிருந்தது. பூசையில் வைத்த தொகுதியின் பொட்டுக்கள் உள்ளே போய் ஒட்டிக்கொண்டு, பின்னால் வந்த எல்லாத் தோட்டாக்களையும் ஊசி மெத்தென்று அடிக்கும்படி செய்துவிட்டன. முதலில் சிரித்தது அண்ணைதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, லேத்தில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நான் என் அறிக்கையை நினைத்துச் சிரித்தேன். செய்தி கேட்ட ரஞ்சி அக்கா மட்டும், "நான் குங்குமமும் வைக்கவெண்டு நிண்டனான், நீங்கள்தான் சந்தனமே போதும் எண்டனீங்கள்" என்று கோபித்துக்கொண்டார்.

துடைத்துப் பூட்டியதும் அத்தனையும் வெடித்தன. ஒன்றுகூடத் தவறவில்லை. அவர் வெற்றி பெற்றுவிட்டார். நான் கை கொடுக்கப் போனேன். அவர் பெட்டியை மூடிவிட்டு வெளியே போய் நின்றார். அவ்வளவு வாடிய முகத்தை அதற்குமுன் அவரிடம் நான் பார்த்ததில்லை.

மதுரா அவர் பின்னாலேயே போனாள். நானும் போனேன்.

"எல்லாம் வெடிச்சிட்டுது. இனி என்ன அப்பா?" என்றாள்.

"இனி என்ன... இன்னும் கொஞ்சம் திருத்தலாம்."

"திருத்த ஒண்டுமில்லை. இதைக் கொண்டு நான் போட்டிக்குப் போக ஏலாது. என்ர தோட்டா என்ர தோட்டாதான். அது சிலநேரம் வெடிக்காது. எனக்கு அது பழகிட்டுது அப்பா. நீங்கள் பின்னால இல்லாததுதான் எனக்குப் பழகேல்லை."

அவர் சட்டைப்பையில் எதையோ தேடுவதுபோலத் தடவிக்கொண்டே இருந்தார். "அந்தச் சத்தம் வந்தால்?" என்று கேட்டார் கடைசியில்.

"வந்தால் வரட்டும். நான் துவக்கைத் திருப்பாமல் பொறுத்து இருப்பன். நீங்களும் இருங்கோ."

நெடுஞ்சாலையில் என்னிடம் சொன்னதை அவர் அவளிடம் எப்போது சொன்னார், சொன்னாரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. அவள் கேட்ட விதத்தைப் பார்த்தால் ரஞ்சி அக்கா சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த போட்டி வசந்தத்தின் கடைசியில் வந்தது. அதற்குள் அவருக்கு ஒருமுறை நெஞ்சைத் திறந்து மூடிவிட்டார்கள். மாடிப்படி ஏறக் கூடாது, பதற்றம் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பதற்றம் கூடாதாம்! அவர் கோயிலுக்குப் போவது போல வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, கயிற்றுக்குப் பின்னால் எனக்குப் பக்கத்தில் நின்றார். நாற்காலி கொண்டுவந்து வைத்தேன். "வேண்டாம், நிக்கத்தான் வந்தனான்" என்றார்.

மதுரா சுடத் தொடங்கினாள். ஒவ்வொரு வெடிக்கும் அவர் உடம்பு சின்னதாக உலுக்கிக்கொண்டது. நான் மனதுக்குள் எல்லாத் தெய்வங்களையும் கூப்பிட்டேன். ஒரு கணக்குப் பார்ப்பவளாக, இன்று வராது, வருவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதிப் போட்டியில் வந்தது. கிளிக்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்த உடம்பில் அவ்வளவு பலம் இருந்தது எனக்குத் தெரியாது. அவருடைய வலது கால் கதவுப் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்துவிட்டது. முன்னால் மதுரா இலக்கை நோக்கியபடி அசையாமல் கிடந்தாள். முன்னால் பார்த்துக்கொண்டு கிடப்பவளுக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று தெரியாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது. "நில்லு, நில்லு" என்று அவர் முணுமுணுப்பது கேட்டது. எடுத்து வைத்த காலை மெல்ல இழுத்து, பழைய இடத்திலேயே வைத்தார். மூச்சு மட்டும் சத்தமாக வந்தது. மதுரா கை உயர்த்தினாள். நடுவர் வந்தார். தோட்டா மாறியது. அடுத்தது வெடித்தது. அது ஒன்பது புள்ளியோ என்னவோ, நான் பார்க்கவில்லை.

அன்றும் அவளுக்கு மாநில அணியில் இடம் கிடைக்கவில்லை. அவள் காதடைப்பானைக் கழற்றிக்கொண்டு நேராக அவரிடம் வந்தாள்.

"நிண்டனீங்களோ?"

"ஓம். நிண்டனான்."

அவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள். என் மணிக்கட்டில் அவர் விரல்கள் பதிந்த இடம் நீலம் பாரித்து, அதை நான் அலுவலகத்தில் கதவு இடித்ததாகச் சொல்லிச் சமாளித்தேன்.

அவர் செய்த தோட்டாக்கள் இப்போது இல்லை. அவர் போன பிறகு அதிகாரிகள் இருவர் வந்து, விதிப்படி எல்லாவற்றையும் அழிப்பதற்காக எடுத்துப் போனார்கள். ரஞ்சி அக்கா அவர்களுக்குத் தேநீர் கொடுத்து, ரோல்ஸ் கொடுத்து, "கவனமாக் கொண்டு போங்கோ" என்று ஜெர்மனில் சொல்லி அனுப்பினார். அதில் எனக்கு வருத்தமில்லை.

எனக்கு வருத்தம் கடைசி மாலையைப் பற்றியதுதான். இரண்டாவது சத்திரசிகிச்சைக்குப் பிறகு அவரைப் படுக்க வைப்பது பெரும் பாடாக இருந்தது. வயர்களைப் பிடித்து இழுத்தார், கட்டிலின் சில்லு ஆடுகிறது என்றார், வீட்டுக்குப் போவோம் என்றார், எழும்பப் பார்த்தார். தாதி இரண்டு முறை வந்து கெஞ்சிவிட்டுப் போனாள். கட்டிலின் இருபக்கமும் இயந்திரங்கள். நிற்க இடம் இருந்தது தலைமாட்டில் மட்டும்தான். மதுரா அங்கே போய் நின்றாள். படுத்திருந்தவரால் அவளைப் பார்க்க முடியவில்லை.

"பிள்ளை, நிக்கிறியோ?" என்று கேட்டார்.

"ஓம் அப்பா. பின்னால நிக்கிறன்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டார். அவள் மறுபடியும் அதையே சொன்னாள். அப்புறம் அவர் கையை வயரிலிருந்து எடுத்து நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார். கால்கள் இரண்டும் ஓய்ந்தன. அவருடைய கால்கள் அசையாமல் இருந்ததை நான் பார்த்தது அப்போதுதான். நான் விடைபெற்றபோது அவள் நின்றுகொண்டிருந்தாள். விடிந்து அவர் போகும்போதும் அவள் அதே இடத்தில்தான் நின்றாள் என்று ரஞ்சி அக்கா சொன்னார்.

நேசன் அண்ணையிடமிருந்து நான் எதை வைத்துக்கொள்வேன் என்று இதை எழுதத் தொடங்கியபோது தெரியவில்லை. தவறே செய்யாத ஒரு தோட்டாவைச் செய்த பிறகுதான் மகளுக்குப் பின்னால் நிற்பேன் என்று அவர் இருந்தார். அதைச் செய்தும் முடித்தார். ஆனாலும் அந்தப் போட்டி நாளில் அவளுடைய துப்பாக்கியில் இருந்தது எப்போது வேண்டுமானாலும் தவறக்கூடிய அதே பழைய தோட்டாதான். அது அவருக்குத் தெரியும். பயம் போகாமலேயே வந்தார், பயந்துகொண்டே நின்றார். நீங்கள் அப்படி நின்றதை நான் வைத்துக்கொள்கிறேன், அண்ணை.